தூங்காதவருக்கு

மலையைப் பார்க்கச் சொல்கிறது இந்தச் சங்கீதம்.
எந்த மலையை என்று சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கு இருப்பது ஒன்றுதான்.
செவ்வாய்க்கிழமை விடியலில் அதில் பாதி
இறங்கி வந்துவிட்டது,
எட்டு வீடுகளின் மேல்,
ஒரு கல்கோபுரத்தின் மேல்,
பசுவைத் தேடிப் போன என் தம்பி ஜோக்கியாவின் மேல்.

ஸ்வானேத்தியின் இந்தப் பள்ளத்தாக்கில்
செத்தவர் தலைமாட்டில் நின்று
விடியும்வரை சங்கீதம் வாசிப்பவள் நான்.
பதினேழு வருடமாக.
கூலி ஒரு வட்டப் பாலாடைக்கட்டி, யாரும் பேரம் பேசியதில்லை.
இன்றைக்குத் தலைமாடு இல்லை.
தலை எங்கே கால் எங்கே என்று தெரியாத சேற்றின் ஓரம்
பால்கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
புத்தகத்தில் பழைய மெழுகுச் சொட்டுகள்.
இது சித்தப்பா.
இது நாத்தேலாவின் குழந்தை.
இது அம்மா.

குருவானவர் பெசாரியோன் சமவெளிக்காரர், இளவயது.
"வேறொன்று வாசியுங்கள் சியாலா,
இதில் மலை வருகிறதே" என்றார்.
வந்தே விட்டது, குருவானவரே.
இனி என்ன.

நானும் ஜோக்கியாவும் பேசி மூன்று வருடம்.
காரணம், அப்பா விட்டுப்போன புல்வெளியில்
பதினோரு அடி.
அளக்கக் கயிறு கொண்டுவந்தவன் அவன்,
அறுத்துப் போட்டவள் நான்.
இப்போது புல்லும் இல்லை, வரப்பும் இல்லை.
ஜெயித்தது யார் என்று சண்டை போடவாவது
அவன் வேண்டும்.

வெளியே போகிறவனையும் வீடு திரும்புகிறவனையும்
அவர் பார்த்துக்கொள்வாராம். கடைசியில் அப்படி வருகிறது.
திரும்பியது ஒரு ரப்பர் பூட்ஸ்.
இடது கால்.
அதை என்னிடம் தரவில்லை, தரவும் கூடாது.
அவன் மனைவி எலீகோ வாங்கினாள்,
கழுவினாள்,
வெயில் விழும் கல்லில் காயவைத்தாள்.
நிழல் நகர நகர அவளும் நகர்த்தி வைத்தாள்.

மூன்றாம் இரவு.
பத்தூமியிலிருந்து ஜேசிபி கொண்டுவந்த நுக்ஸார்
இயந்திரத்தை அணைத்துவிட்டு
இருக்கையிலேயே சாய்ந்துவிட்டான்.
விரலிடுக்கில் சிகரெட்.
ஏறிப் போய் எடுத்து மிதித்தேன்.
சத்தம் நின்றதும்
ஆறு மட்டும் கேட்டது, கலங்கலாக.
அடியிலிருந்து யாராவது தட்டினால் கேட்குமே என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஆறுதான்.

கண்ணுக்குள் மணல் அரைத்தது.
அப்போதுதான் நடுவில் இருக்கும் அந்த வரி,
காவல் காப்பவர் கண் அயர்வதே இல்லை என்பது,
என்னைப் பிடித்து உட்கார வைத்தது.
எத்தனை சாவில் வாசித்திருக்கிறேன் அதை,
நல்ல நாயைப் புகழ்வது போல.
மூன்றே இரவில் எனக்கு இப்படி எரிகிறதே,
முதல் மலை சரிந்த நாளிலிருந்து விழித்திருக்கிறவரே,
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு,
உமக்கு எப்படி எரியும்?

கோபமாகத்தான் கேட்க ஆரம்பித்தேன்.
கேட்டு முடிக்கையில் அது வேறாக இருந்தது.
நம்பிக்கை என்று இதற்குப் பெயர் வைக்கமாட்டேன்.
துக்க வீட்டில் பின்னிரவில்
எல்லாரும் போனபிறகு எதிர் பெஞ்சில் ஒருவர் இருப்பாரே,
ஆறுதல் ஒன்றும் சொல்லத் தெரியாமல்,
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு,
எழுந்து போகவும் மாட்டாரே.
அவ்வளவுதான். அவ்வளவு இருந்தது.

ஐந்து மணிக்கு நுக்ஸார் துள்ளி எழுந்தான்.
"அக்கா, எதுவரை தோண்டினேன்?"
மஞ்சள் கொடியைக் காட்டினேன்.
ஜேசிபி இருமிக்கொண்டு கிளம்பியது.

நான் முதல் வரிக்குத் திரும்பினேன்.
உதவி எங்கிருந்து வரும்
என்கிற இடத்தில்
பதினேழு வருடமாய் இறக்கி முடித்த குரல்
இன்றைக்கு மேலே போய் நின்றது,
கேள்வியாக.

பக்கெட் எழுகிறது. கல்.
கல்.
யார் வீட்டுக் கூரைத் தகரமோ.
மறுபடி கல்.
அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு
வாசிக்காமல் இருக்கிறேன்.